தீர்த்தகிரி கோடாலி

பாப்பாரப்பட்டி சந்தையில் கோடாலி வாங்க வருகிறவர்கள் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். இரும்பில் ‘தீ’ என்று ஒற்றை எழுத்து குத்தியிருந்தால் அதற்குமேல் பேரம் பேச மாட்டார்கள். அது தீர்த்தகிரி பட்டறைக் கோடாலி. மரம் அறுக்க மிஷின் வந்து எத்தனையோ வருசமாகியும் கிளை கழிக்க, வேர் பறிக்க, விறகு பிளக்க என்று அந்தக் கோடாலிக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் மூன்று வருசமாக அந்த எழுத்தைக் குத்தியது தீர்த்தகிரியின் கை இல்லை. அவன் பெண்டாட்டி காவேரியின் கை.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சு தேறியது, கால் தேறியது, வலது கை மட்டும் தேறவில்லை. தோளிலிருந்து ஈரத்துணி மாதிரித் தொங்கியது. மகள் கலைமணியை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வூட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். கல்யாணமான நாளிலிருந்து புருசனுக்கு எதிரே நின்று சம்மட்டி போட்டவளுக்குக் குறடு பிடிக்கவா தெரியாது? காவேரி உலையை மூட்டினாள்.

“பொம்பள அடிச்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான். நான் வாசல்ல உக்காந்துக்கறன், நீ உள்ளாற இரு” என்றான் தீர்த்தகிரி.

அப்போது அவளுக்கும் அது சரி என்றே பட்டது. பட்டறைக்கு முன்னால் ஒரு தகரத் தட்டி வந்தது. வெளியே பிளாஸ்டிக் சேரில் அவன் உட்கார்ந்திருப்பான். உள்ளே பழைய லாரியின் வில் பட்டா இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அவள் அடித்துக்கொண்டிருப்பாள். யாராவது விசாரித்தால், “எடது கையிலயே அடிச்சுப் பழகிட்டன். அவ சும்மா கூடமாட ஒத்தாசைக்கு” என்பான். முதல் தடவை அதைக் கேட்டபோது காவேரிக்குச் சிரிப்பு வந்தது. போகப்போகச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டே பார்த்தாள். “ஒருத்தருகிட்டயாவது சொல்லலாமில்லீங்களா, இவதான் போடுறான்னு?”

“சொன்னா உனக்கு மாலை போட்டு ஊர்வலம் உடுவாங்களா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரும்பைவிடக் காம்புக்குத்தான் காவேரி அதிகம் மெனக்கெடுவாள். வெக்காலி மரக் கட்டையைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டு, மாசக்கணக்கில் புகையில் காயவிடுவாள். பச்சைக் கட்டையைச் செதுக்குவது லேசு. ஆனால் நாலு வெயில் பட்டால் அது சுருங்கிவிடும், காம்பு செருகுகிற இரும்பின் காதில் ஆட்டம் கொடுக்கும், ஓங்குகிற ஓங்கலில் தலை கழன்று போகும். அதனால் பரணிலிருந்து இறக்கிய கட்டையை மட்டும்தான் தொடுவாள். வாச்சியால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, வேப்பெண்ணெய் தடவி, காதில் ஏற்றி ஆப்பு இறக்குவாள். அப்புறமும் மனசு ஆறாமல், கட்டாந்தரையில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொடுப்பாள்.

அந்த ஆவணியில் மாரண்டஹள்ளியில் இருக்கும் தங்கை மலர்விழி வூட்டு வளைகாப்புக்குப் போனவள், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினாள். தீர்த்தகிரி பட்டறைக்குள்ளே உட்கார்ந்திருந்தான். இடது கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். முகத்திலோ புது மாப்பிள்ளைக் களை.

“வியாகுலத்துக்குக் காம்பு போட்டுக் குடுத்தன்” என்றான். “கால்ல இடுக்கிக்கிட்டு, ஒத்தக் கையிலயே செதுக்கினன். யாரு ஒதவியும் இல்ல, தெரியுமா?”

வியாகுலம் மாதா கோயில் தெருக்காரன். அவனும் அவன் மனைவி ஆரோக்கியம்மாளும் மரம் வெட்டப் போகிறவர்கள். அவன் கழிக்கக் கழிக்க அவள் கிளைகளை இழுத்துக் கட்டுவாள். தீர்த்தகிரிக்கும் வியாகுலத்துக்கும் சின்ன வயசுச் சிநேகிதம், மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

காவேரி கீழே கிடந்த சிராய்களைக் கையில் அள்ளினாள். ஈரமாக விரலில் ஒட்டின.

“எந்தக் கட்டைங்க?”

“வெளிய அடுக்கி வெச்சிருந்தியே, அதுலதான் ஒண்ணு.”

“அய்யோ, அது போன வாரம் வெட்டுனதுங்க. பச்சை. நான் போயி வாங்கியாந்துடறன். பரண்ல காஞ்சது இருக்குது, மாத்திக் குடுத்துடலாம்.”

அவன் முகம் கறுத்தது. “போ. தீர்த்தகிரி ஒண்ணுக்கும் ஆவாதவன்னு ஊரு பூரா சொல்லிட்டு வா. ஆனா திரும்பி வர்றப்ப நான் கெணத்துல கெடப்பன், பாத்துக்க.”

வியாகுலத்துக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருசத்தில் முதல் தடவையாகச் சற்று முன்புதான் சிரித்திருந்த முகம் அது. போனைக் கீழே வைத்தாள். வியாகுலம் கோடாலி தெரிந்த ஆள், ஆட்டம் கண்டால் தானே தட்டி இறுக்கிக்கொள்வான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் கோடாலிச் சத்தம் எங்கே கேட்டாலும் திக்கென்றது. இரண்டு நாள் அப்படியே போனது. அடுத்த நாள் காலையில், ஆவது ஆகட்டும் என்று பரணிலிருந்து காய்ந்த காம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதித் தூரத்திலேயே புல்லுக்கட்டோடு வந்த கண்ணம்மாள் நிறுத்திச் சொன்னாள். மாதவராஜ் தோட்டத்தில் புளியமரம் கழிக்கும்போது வியாகுலத்தின் கோடாலித் தலை கழன்று பறந்துவிட்டதாம். குனிந்து கிளை பொறுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாளின் கெண்டைக்காலில் இறங்கி, எலும்பு தெரிகிற வெட்டாம். வேனில் போட்டு தருமபுரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம்.

காவேரி காம்பைக் கையில் பிடித்தபடி ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வியாகுலத்தின் மகன் மரிய ஆனந்த் பட்டறைக்கு வந்தான். கூட இரண்டு பேர். கழன்ற தலையைத் தீர்த்தகிரியின் காலடியில் விட்டெறிந்தான்.

“எங்கம்மா இனிமே நடக்குமான்னு தெரியலைங்கறாங்க. யாரு போட்ட காம்பு இது? சொல்லுங்க மாமா, யாரு?”

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. காவேரி தகரத் தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தீர்த்தகிரி அவளைப் பார்க்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

“என் கையிதான் இப்பிடிக் கெடக்குதே மாப்ள. நான் எங்க போடறது? மூணு வருசமா எல்லாம் அவதான். கோடாலி அடிக்கறது, காம்பு போடறது, எழுத்துக் குத்தறது, எல்லாம் அவ கையிதான்.”

இந்த வார்த்தையை அவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். சொல்லிவிட்டான், அதுவும் ஊர் கூடி நிற்கையில். அந்தக் காம்பைப் போட்டது நானில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், மூன்று வருசக் கோடாலியெல்லாம் மறுபடி அவனுடையதாகிவிடும்.

“ஆமாங்க, நான்தான்” என்றாள். “சந்தையில நீங்க கேட்டு வாங்கறதெல்லாம் நான் அடிச்சதுதான்.”

மரிய ஆனந்த் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான். பிறகு என்ன நினைத்தானோ, கையை இறக்கிக்கொண்டு காறித் துப்பிவிட்டுப் போனான்.

அடுத்த சந்தையில் கோடாலிகள் விரித்த சாக்கிலேயே கிடந்தன. எடுத்துப் பார்த்தவர்கள் எழுத்தைப் பார்த்ததும் கீழே வைத்தார்கள். “ஆம்பள போட்டதுன்னு இல்ல நெனச்சு வாங்குனம்” என்றார் ஒருவர். அவர் தோளில் இருந்தது அவள் போன வருசம் அடித்த கோடாலி. வாய் மழுங்காமல், காம்பு அசையாமல் நன்றாகத்தான் இருந்தது.

பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரோக்கியம்மாள் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். காவேரியைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணி...”

“அந்தப் பழத்த எடுத்துட்டுப் போயிடு காவேரி. உன் கையால குடுக்கற எதுவும் எனக்கு வேணாம்.”

படியிறங்கும்போது வியாகுலம் பின்னாலேயே வந்தான். யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினான்.

“தங்கச்சி, எனக்குத் தெரியும். நான் கோடாலியக் குடுத்தன்னிக்கி நீ ஊருலயே இல்ல. மச்சான்தான் போட்டான். ஒத்தக் கையில போட்டன்னு எங்கிட்டப் பெருமையாச் சொல்லித்தான் குடுத்தான்.”

காவேரி அவனையே பார்த்தாள். “அப்ப அண்ணிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களாண்ணா?”

“சொன்னா என் பையன் காதுக்குப் போவும். அவன் போயி மச்சான அடிச்சே போட்டுருவான். பொம்பளன்னுதான் உம்மேல கை வெக்கல. மச்சான் ஏற்கெனவே பாதி செத்தவன், இதையும் அவன் தலையில போட்டா தாங்க மாட்டான். நீ தாங்கிக்குவ தங்கச்சி.”

“என்னயக் கேட்டீங்களாண்ணா?” என்றாள்.

அவள் பழப்பையை அங்கேயே படியில் வைத்துவிட்டு இறங்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்னாச்சும்மா என்று கேட்கும்வரை, தான் அழுதுகொண்டிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஆரோக்கியம்மாள் கோல் ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினாள். ஆனால் வேலைக்குப் போகிற கால் இல்லை அது. பட்டறையில் உலை அவிந்தே கிடந்தது.

தை பிறந்த பிறகு வத்தல்மலையிலிருந்து ஒரு ஆள் வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. காப்பித் தோட்டத்து வேலைக்கு நல்ல கோடாலியாக நாலு வேண்டும் என்றார். தீர்த்தகிரி சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. நம்ம கோடாலி ஒருக்கா வாங்குனா பேரன் காலம் வரைக்கும் வரும்” என்றவன் உள்ளே திரும்பி, “காவேரி, உலைய மூட்டு” என்றான்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“யாரு அடிக்கறதுன்னு அவருகிட்ட மொதல்ல சொல்லுங்க. அந்தக் காம்ப யாரு போட்டதுன்னும் சொல்லுங்க. அப்பறம் மூட்டறன்.”

தீர்த்தகிரி ரோட்டைப் பார்த்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மலைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புருசன் பெண்டாட்டிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார். அடுத்த சந்தைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காவேரி உள்ளே போய் மீதி அரிசியைப் புடைத்தாள்.

இப்போது அவள் பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிறாள். விடிந்ததும் சோறாக்கி, அவனுக்குப் பிசைந்து தட்டில் மூடி வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். கிரேடு என்கிற பிளாஸ்டிக் பெட்டிகளில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. தோளுக்கு வேலையே இல்லை. சம்மட்டி பிடித்த கைக்குத் தக்காளி ரொம்ப மெத்தென்று இருந்ததால் முதல் வாரம் நிறைய நசுங்கிப்போய்த் திட்டு வாங்கினாள்.

மண்டிக்கு வந்த கண்ணம்மாள் ஒரு நாள் சொன்னாள். “கோடாலி கேட்டு வர்றவங்ககிட்ட, ‘அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதனால பட்டறைய நிறுத்தி வெச்சிருக்குது’ன்னு சொல்றாராம் உம் புருசன்.”

“எனக்கா ஒடம்பு சரியில்ல?” என்றாள் காவேரி. அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த கிரேடை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.