வெட்டுப்புள்ளிக்கு மேலே

ஸ்ரெல்லா ரீச்சர் உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி முடித்தார். பொறியியல் படிப்புக்கான வெட்டுப்புள்ளியைவிட ஆறு கூட! சிவக்கொழுந்தின் மகன் துள்ளிய துள்ளலில் கதிரை சரிந்தது. தாய் மட்டும் சிரிக்கவில்லை.

காசுதான் கவலையாக்கும் என்று நினைத்த ரீச்சர், விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று செலவுக் கணக்கும் போட்டார்.

"வெங்காயம் வித்த காசே இதுக்குக் காணும், அக்கா," என்று தைரியம் சொன்னார்.

"காசு கிடக்கு, ரீச்சர். பேராதனைக் கம்பசுக்குக் கிளாலிக் கடலாலைதானே போகவேணும்?"

ரீச்சருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம், கடற்படை சுட்ட இரவில், அந்தக் கடலில் இவளுடைய தம்பி ஏறிய வள்ளம் இன்னும் கரை சேரவில்லை.

மகன் சைக்கிளை எடுக்க வெளியே போனதும் சிவக்கொழுந்து ரீச்சரின் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்கால் கூட்டுங்கோ. ஒரு ஏழு புள்ளி குறைஞ்சு வராதோ?"