கண் போன கேமரா

சிவபிரசாத்திடம் கேமரா ஒன்றுதான். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமானால், அந்த ஒரு மணி நேரமும் கேமரா கட்டிப்போட்ட மாடு மாதிரி வீட்டில் நிற்க வேண்டும். ஆவணி மாதத்தில் நாளுக்கொரு கல்யாணம் எடுப்பவனுக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால் இனயம் ஊர்க்காரன் மரியானிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தான். மரியான் குவைத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, வட்டக்கோட்டைக் கருங்கல்லில் தவறவிட்டது அது. லென்ஸ் போய்விட்டது, டேப் மட்டும் நன்றாக ஓடும். நல்ல கேமரா அவனோடு மண்டபத்துக்குப் போகும். கண் போனது நெய்யூர் வீட்டில் அவன் மனைவி தன்யாவோடு இருந்து டேப்புகளை ஏற்றும். ஏற்பாட்டில் குறையில்லை. சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் கோளாறு.

"செகப்பு பட்டன அமுக்கு, அம்புட்டுதான்" என்று நேற்றுக் காலையில் சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்துவிட்டான். எந்தச் சிவப்பு என்று யார் சொல்வது? அவள் ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிட்டாள். இரவில் வந்தவன் டேப்பை ஓட்டவா, புதிதாகப் பதியவா என்று மாற்றும் கேமராவின் திருகைச் சரியான பக்கம் திருப்பி வைத்து, திரையில் இருக்கும் சிவப்பு வட்டத்தைக் காட்டிக்கொடுத்தான்.

இன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தது செல்லக்கனியின் கல்யாணம். பத்து நாளுக்கு முன் நடந்தது. மாப்பிள்ளை சுனில் நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், அதற்குள் சிடி கைக்கு வர வேண்டும். திரையில் மணவறை வந்தது. செல்லக்கனி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். தாலித் தட்டு எல்லார் கையும் தொட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது.

தன்யா வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தாள். அதே இடத்தில் அதே இருட்டு. மண்டபத்தில் கரன்ட் போயிருக்குமோ? பட்டப்பகலில் கரன்ட் போனால் இருட்டுமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. ஒலியைக் கூட்டி வைத்தாள். கெட்டிமேளம் இல்லை, பெண்கள் இடும் குரவை இல்லை. குக்கர் விசிலடித்தது.

தாலி கட்டுகிற நேரத்தில் குக்கரா? பந்திக்கு யாராவது குக்கரில் சமைப்பார்களா என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கையில் ஒரு பெண் பேசினாள். "ஒண்ணும் இல்லம்மா, சின்ன வேலையாக்கும். செகப்பு பட்டன அமுக்குனா தன்னால ஏறும்." கல்யாண வீட்டில் இது யார் என்று தன்யா காதைக் கொடுத்துக் கேட்டாள். யாருமில்லை, அவளேதான். நேற்று அம்மாவிடம் போனில் பேசியது.

நேற்றுக் கிளம்பும் முன் சிவபிரசாத் இந்தக் கேமராவில் முகூர்த்தம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு டேப்பை அங்கேயே நிறுத்தியிருந்தான். அவள் திருகைத் தப்பான பக்கம் திருப்பி, கேமராவில் இருந்த சிவப்பை அமுக்கியிருக்கிறாள். அதற்குக் கண்தான் போனது, காது இருந்தது. ஏழு நிமிடம் அவள் அடுக்களையைத் தாலிகட்டின் மேல் பதிந்து வைத்திருக்கிறது. மேலே எதுவும் பதியாமல் காக்கும் டேப்பின் பூட்டைத் தள்ளிவிட அவனும் மறந்திருந்தான்தான். ஆனால் பட்டனில் இருந்தது அவளுடைய விரல்.

இருட்டு விலகியபோது செல்லக்கனியின் கழுத்தில் தாலி கிடந்தது.

மத்தியானம் செல்லக்கனியே வந்துவிட்டாள். "அக்கா, சிடி ஆச்சா? தாலி கெட்டுற எடத்த மட்டும் ஒருக்க காட்டுங்க."

வயர் கோளாறு என்று ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் தன்யாவால் சொல்ல முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். செல்லக்கனி ஏசவில்லை, அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு தாலிய பாக்கண்டாம்க்கா. கெட்டும்போ அவருக்க மொகம் எப்பிடி இருந்துன்னு பாக்கணும். நான் குனிஞ்சே இருந்தேன். மனசோட கெட்டுனாரா, வீட்ல சொன்னாவன்னு கெட்டுனாரா, தெரியல்ல."

"பத்து நாளா கூடத்தானே மக்கா இருக்க?"

"விருந்துக்கு போகவும் வரவும் செரியா இருந்து. அவரும் பேசல்ல, நானும் பேசல்ல. அண்ணன் கேமராவுல பாத்திருப்பாருல்லா? ஒண்ணு கேளுங்களேன்."

தன்யா போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் நாகர்கோவில் மண்டபம், நாதஸ்வரம். தாலி கட்டும்போது மாப்பிள்ளை முகம் எப்படி இருந்தது என்று கேட்டதும் சிவபிரசாத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மொகமா? ஏட்டி, தாலி கெட்டும்போ எவனாவது மொகத்த எடுப்பானா? முடிச்சுலயாக்கும் ஸூம். எல்லா கல்யாணத்துலயும் அப்பிடித்தான். ஏன் கேக்க?"

அவள் போனை வைத்துவிட்டாள். அழிந்துபோனதில் அந்த முகம் இருந்ததே இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, அப்படி நிம்மதிப்பட்டது உடனே வெட்கமாகவும் இருந்தது.

"மண்டபத்துல முந்நூறு பேரு" என்றாள் செல்லக்கனி. "ஒருத்தரும் அவருக்க மொகத்த பாக்கல்ல."

எழுந்து செருப்பை மாட்டினாள். "நான் வாறேன்க்கா. இன்னைக்கு ஒரு நாளு இருக்கு. அவர்ட்டயே கேக்கேன்."

"என்னன்னு கேப்ப?"

அவள் வாசலில் நின்று யோசித்தாள்.

"தெரியல்லக்கா. மொதல்ல நிமுந்து பாக்கணும்."