தொட்டிக்காரி

நான் படைத்த ஆட்கள் அதுவரை ஏழு பேர். ஏழு பேரில் ஒருவர்கூட ஒரு மணி நேரம் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. முதல் ஆள் ராணுவத்தில் இருந்தவர். துணைக்கு யாரும் வேண்டாம் என்று பேய் வீட்டின் மாடிக்கு ஏறினார். தலை மட்டும் படியில் உருண்டு வந்தது. அடுத்தவள் குத்துச்சண்டைக்காரி. நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து நீண்ட கையைக் குத்தப் போனாள், கண்ணாடி அவளை முழுசாக விழுங்கிவிட்டது. மற்ற ஐந்து பேரின் கதையும் இதே லட்சணம்தான். பழியை நான் அண்ணி மேல் போட்டேன். வேறு யார் மேல் போடுவது? கொன்றவர் அவர்தானே.

அண்ணி வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பேய்க்கதை நடத்துவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் விளையாட்டு இது. இடம், பேய், ஆபத்து எல்லாம் அண்ணியின் பொறுப்பு. நாங்கள் ஆளுக்கொரு கேரக்டரைப் படைத்து, அவர் யார், என்ன வேலை, எதில் கெட்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவோம். அந்த ஆளாகவே பேச வேண்டும், அந்த ஆளாகவே முடிவெடுக்க வேண்டும். பிழைப்பாரா மாட்டாரா என்கிற இடம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும்.

ஆட்டம் நடப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஞாயிறு விடுமுறை என்பதால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கிற உள்ளறையில் மேசையைப் போடுவார். அவரை நாங்கள் கூப்பிடுவதே கண்ணாடிக்காரர் என்றுதான். மூன்று சுவரிலும் முகமில்லாத கண்ணாடிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் ஐந்து நாற்காலிதான் கொள்ளும். அண்ணி, அண்ணன், கண்ணாடிக்காரர், மருந்துக்கடை அக்கா, நான். ஆறாவது நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது.

எங்கள் மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது அண்ணி ஆளுக்கொரு சிவப்புப் பொத்தான் கொடுப்பார், பழைய கோட்டிலிருந்து அறுத்தது. யாராவது சாகப்போகிற நேரத்தில் அதை நடு மேசைக்குத் தள்ளினால் பகடையை இன்னொரு முறை உருட்டலாம். உன் ஆளுக்காகவும் தள்ளலாம், அடுத்தவர் ஆளுக்காகவும் தள்ளலாம். ஆனால் தள்ளிய பிறகு உனக்கு ஆபத்து வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. இத்தனை ஞாயிறுகளில் என் ஆட்களுக்காக ஒருவரும் ஒரு பொத்தானைக்கூட நகர்த்தியதில்லை. அண்ணன் எப்போதும் தொடைநடுங்கிகளாகவே படைப்பார், அவர்களுக்கு மட்டும் பொத்தான்கள் வரிசையில் வரும். எனக்கு வயிறு எரியும்.

ஏழாவது ஆள் செத்த ஞாயிறன்று நான் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தேன். மற்றவர்கள் பேய்க்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் ஏதோ ஒரு வீடியோவுக்குச் சிரித்துத் தொலைத்தேன். ஆட்டம் முடிந்ததும் அண்ணி என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணாடிக்காரரோட மச்சினன் ஒரு மாசமா இடம் கேட்டுட்டிருக்கார். தெரியும்ல?"

"அதுக்கு?"

"அடுத்த வாரம் ஒரு ஆளைக் கொண்டு வா. அந்த ஆளுக்காக இந்த மேசைல ஒருத்தராவது பொத்தானைத் தள்ளணும். தள்ளலைன்னா நாற்காலி அவருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்ன அண்ணி இது, அநியாயமா இருக்கு! நீங்க கொன்னுகிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

"நான் எங்கடி கொன்னேன்? உன் ஆளுங்க அத்தனை பேரும் அனாதைங்க. அம்மா இல்ல, பிள்ளை இல்ல, பசி இல்ல, பயம் இல்ல. நான் எதையாவது பிடுங்கிடுவேனோன்னு எல்லாத்தையும் நீயே முன்னாடி பிடுங்கிட்டு வர்ற. செத்தா யாருக்கு என்ன?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை வாசலில் பிடித்து ஒன்று மட்டும் கேட்டார்: "உன் ஆள் எதுக்குப் பொய் சொல்லுவா? அதை யோசி."

அந்த நாற்காலி போனால் எனக்கு என்ன போகும் என்று அன்று பஸ்ஸில்தான் உறைத்தது. வாரம் முழுக்க நான் பேசுவது மோட்டாரோடும் கம்பிக் கயிறோடும்தான். வாய்விட்டுக் கத்த, சண்டை போட, கூட நாலு பேர் என்று எனக்கு இருப்பது அந்த மேசை ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த வாரம் எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் வேலை. கூட வேலை செய்பவனை எல்லாரும் ஒல்லி என்பார்கள், ஆள் என்னைவிட இரண்டு சுற்று பெருத்தவன். சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதினேன். மல்யுத்தக்காரன், அவனுக்கு ஒரு நாய். கிழித்துப் போட்டேன். போலீஸ்காரி, அவளுக்கு நோயாளித் தங்கை. அந்தத் தங்கை யார், என்ன சாப்பிடுவாள் என்று எனக்கே தெரியவில்லை. அதையும் கிழித்தேன்.

வியாழக்கிழமை லிஃப்ட்டின் கூரை மேல் ஏறி நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. உள்ளே இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து அதில் என் பூட்டைப் போட்டு, சாவியை என் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். நான் வெளியே வரும்வரை யாராலும் லிஃப்ட்டை ஓட்ட முடியாது. அன்றும் பூட்டினேன், இறங்கினேன். ஒரு நிமிடம் கழித்து மேலே ஏறி வந்தேன்.

"என்னாச்சு?" என்றான் ஒல்லி.

"டார்ச்சை மறந்துட்டேன்."

டார்ச் என் இடுப்பிலேயே தொங்கியது. நான் போனது பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்க. இரண்டு வருடம் முன்பு, பூட்டாமல் அவசரத்தில் ஏறிய ஒரு நாள், நான் கூரை மேல் நிற்கும்போது லிஃப்ட் ஒரு சாண் நகர்ந்தது. ஒரே ஒரு சாண். யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் எதையாவது மறந்துகொண்டே இருக்கிறேன். சுவிட்சின் முன்னால் பூட்டைப் பிடித்தபடி நின்றபோது அண்ணியின் கேள்வி மண்டையில் அடித்தது. சாப்பாட்டைத் தொடாமல் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

ஞாயிறு வந்தது. மச்சினனும் வந்துவிட்டார், சொந்தப் பகடைப் பையோடு. நாற்காலி இல்லாததால் கதவில் சாய்ந்து நின்று என் நாற்காலியை அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"இவ தண்ணித் தொட்டி கழுவுறவ," என்று என் தாளைப் பார்த்துச் சொன்னேன். "பெரிய கட்டடத்துத் தொட்டிக்குள்ள இறங்கித் தேய்க்கிற வேலை. சண்டை தெரியாது. ஒரு பொண்ணு இருக்கு, ஒன்பது வயசு. அம்மாவுக்கு எதுக்குமே பயம் கிடையாதுன்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கு."

"அவ்வளவுதானா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அண்ணி தாளை வாங்கி மீதியைத் தனக்குள் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கதை, மூடிக் கிடக்கும் ஓர் ஆஸ்பத்திரியில். நாங்கள் நான்கு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். முதல் அரை மணியிலேயே அண்ணன் படைத்த சமையல்காரரை ஏதோ ஒன்று கட்டிலுக்கடியில் இழுத்தது. அவர் பகடையில் ஒன்று விழுந்தது. நான் என் பொத்தானைத் தள்ளினேன். என் கையா அது என்று எனக்கே ஆச்சரியம், ஆனால் தொட்டிக்காரி வேறு எதையும் செய்திருக்க மாட்டாள். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார், மறுபடி உருட்டிப் பிழைத்துக்கொண்டார்.

வெளிக்கதவின் சாவி அடித்தளத்தில், காலியான தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடந்தது. இறங்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "நீங்க மேல வால்வுகிட்ட நில்லுங்க, கையை எடுக்காதீங்க," என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். பாதியில் திரும்ப ஏறினேன்.

"என்னம்மா?" என்றார் சமையல்காரராக அண்ணன்.

"சோப்பை மறந்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பேய் ஆஸ்பத்திரியில் சோப்பு எதற்கு என்று கண்ணாடிக்காரர் கிண்டல் செய்தார். மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன். "பிரஷ்ஷை மறந்துட்டேன்." இந்த முறை மருந்துக்கடை அக்கா சிரிக்கவில்லை.

"அவ எதையும் மறக்கலை," என்றார் மெதுவாக. "வால்வு மூடியிருக்கான்னு பார்க்கத்தான் வர்றா. பயப்படுறா."

சிரிப்பு நின்றது. தொட்டிக்காரி மூன்றாம் முறை இறங்கினாள். அடியைத் தொட்டு, சாவியை எடுத்தாள். அப்போது அண்ணி, அச்சு அசலாக அண்ணனின் குரலில் பேசினார்: "நான் இங்கதான் நிக்கிறேன்மா. ஒண்ணும் ஆகாது."

அண்ணன் திடுக்கிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"ஆமா," என்றார் அண்ணி. "நீங்க சொல்லலை."

மேலே தண்ணீர் திறந்துகொள்ளும் சத்தத்தை அண்ணி நாக்கால் எழுப்பினார். அண்ணன் பதறினார், "வால்வு என் கைலதான் இருக்கு, மூடித்தான் இருக்கு!" அண்ணி தலையாட்டினார். "இந்தத் தொட்டிக்கு ரெண்டு வால்வு."

ஏணியில் ஏற நாலோ அதற்கு மேலோ விழ வேண்டும். உருட்டினேன். இரண்டு. என் கையில் பொத்தான் இல்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது என்று அண்ணி சொன்னார். "கடைசியா ஏதாவது சொல்றாளா?"

"என் பொண்ணுகிட்ட சொல்லுங்க," என்றேன். "அம்மா தினமும் பயந்தான்னு சொல்லுங்க. பயந்துகிட்டேதான் இறங்கினான்னு சொல்லுங்க."

மருந்துக்கடை அக்காவின் பொத்தான் மேசையில் சறுக்கிக்கொண்டு வந்தது. அவருடைய நர்ஸ் ஏற்கெனவே காயம்பட்டு இழுத்துக்கொண்டிருந்தாள், இருந்தும் தள்ளினார். உருட்டினேன். ஒன்று. "எடுத்துக்கம்மா, எடுத்துக்க!" என்று கண்ணாடிக்காரர் தன்னுடையதைக் கிட்டத்தட்ட எறிந்தார். மூன்று. தண்ணீர் வாய்க்கு வந்தது. அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "என்னைப் பேய் தின்னாலும் பரவாயில்லை," என்று கத்தி, பொத்தானை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

ஆறு.

அடுத்து எழுந்த கூச்சலில் சுவரிலிருந்து இரண்டு கண்ணாடிகள் கீழே விழுந்தன. கண்ணாடிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிக்காரி சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பிளந்து வெளியே வந்தாள், சமையல்காரரும் நர்ஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள், அக்கா அழுதுகொண்டே சிரித்தார். கதவில் சாய்ந்திருந்த மச்சினன் எப்போது மேசைக்கு வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. "விடாதீங்க, ஓடுங்க, ஓடுங்க!" என்று அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தோம். எங்கள் மேசையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் அடங்கியதும் அண்ணி தாளைத் திருப்பித் தந்தார். "எவ்வளவு நகர்ந்துச்சு?" என்று கேட்டார். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, என் லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் எதை மறைப்பது?

"ஒரு சாண்," என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். கூச்சமாக இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. அண்ணன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

பிறகு தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "இந்தா பாரு, தொட்டிக்காரியை மட்டும் அடுத்த வாரம் ஒண்ணும் பண்ணிடாதே. சொல்லிட்டேன்."

"ஆமாங்க, அவளை விட்டுடுங்க," என்றார் அக்கா. கண்ணாடிக்காரரும் சேர்ந்துகொண்டார். மச்சினன் கைகூப்பவே செய்தார். ஒரு பொத்தானுக்கு நாதியில்லாமல் ஏழு பேரைப் பறிகொடுத்தவள் நான். என் ஆளின் உயிருக்காக நாலு பேர் என் கண் முன்னால் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மகாராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி பகடைகளைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"எப்படி விடுறது?" என்றார். "கொல்றதுக்கு எனக்கு இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கா."