ஜம்பு நடப்பதாக முடிவெடுத்தார்

மூன்று மாதத்தில் சர்க்கரை குறையாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்ன அன்றே, தினமும் காலையில் நடப்பதென்று ஜம்பு முடிவெடுத்துவிட்டார். துவாரகா குடியிருப்பில் எல்லோரிடமும் சொன்னார். வெள்ளை ஷூ வாங்கினார். அதோடு அவர் மனத்தில் அந்த வேலை முடிந்துபோனது. மத்திய அரசு அதிகாரியாகவே காலம் கழித்தவர். அவர் முடிவெடுப்பார், செய்து முடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

மறு பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோதும் ஷூ பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

“நடக்கறதுன்னு அன்னிக்கே டிசைட் பண்ணியாச்சே விஜி” என்றார், இன்னும் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி நிஜமாகவே புரியாமல்.

“அச்சா. அப்போ பியூனை நடந்துட்டு வரச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

ஜம்பு பெட்டியைத் திறந்தார். ஷூவுக்குள் கடைக்காரர் திணித்த காகிதம் அப்படியே இருந்தது. யாராவது வந்து அதை எடுப்பார்களென்று பழக்கதோஷத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு தானே குனிந்தார்.