மாமி ஏறின தென்னை

இன்னும் பக்கத்தில் வந்து இருங்கள் மக்களே, பாயில் இடம் உண்டு. ஒரு தோளின் கதை சொல்கிறேன்; சிரித்துக்கொண்டுதான் எழுந்திருப்பீர்கள்.

நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போன ஐம்பத்து நான்காம் ஆண்டு. பாறசாலைப் பக்கம் போலீஸ் அடித்த அடியில், தென்னை ஏறும் பொன்னப்பனுக்கு வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் ஒளிந்து கிடந்தான். அந்தக் கை போனால் அடுப்பும் அணைந்துவிடும் என்பது அவன் மனைவி சரோஜத்துக்குத் தெரியும்.

சந்தைக்கு அருகே புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார், கனகதாஸ் என்று. பக்கத்துத் திருப்புறத்தில் பிறந்து, சின்ன வயதில் தகப்பனோடு கொழும்புக்குப் போனவர். ஆனால் அந்த உடைந்த மூக்கும், பணியாரம் போல உப்பிய காதுகளும்! “டாக்டரா இது? போலீசு அனுப்பின அடியாள் ஆக்கும்” என்று ஊர் பேசியது.

வேறு வழியில்லாமல் சரோஜம், மாமியார் பேரில் ஒரு பொய்யோடு அவரிடம் போனாள்.

“மாமிக்குத் தோளு பெரண்டு போச்சு டாக்டரே. தடவ எண்ணெ வேணும்.”

“எப்பிடி விழுந்தா?”

“தெங்கில இருந்து.”

“உனக்க மாமி தெங்கு ஏறுவாளா?”

அவர் சிரிக்காமல் பையை எடுத்தார். “நட மக்கா, மாமியப் பாப்போம்.”

வீட்டில் அந்தக் காதுகளைக் கண்டதும் பொன்னப்பன் சுவரோடு ஒண்டினான். “பாவி, போலீசையா கூட்டிட்டு வந்தே?”

டாக்டர் சட்டையை விலக்கித் தம் தோளைக் காட்டினார். “இது மூணு தடவ கழண்டது. இலங்கைக்காக வெளிநாட்டுக்காரங்ககூட ரக்பி ஆடினேன். முட்டை மாதிரி பந்து. அதைக் கட்டிப்பிடிச்சிட்டு ஓடணும், பத்துப்பேரு மேல விழுவான். கடைசித் தடவ ஒரு டாக்டர் மைதானத்திலேயே மூட்டைப் பூட்டிவிட்டாரு. அதுக்குப் பொறகுதான் நானும் டாக்டருக்குப் படிச்சேன்.”

பேசிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, குதிகாலை அவன் அக்குளில் பதித்து, கையை மெல்ல இழுத்தார்.

“அப்ப இந்தக் காது?”

“அதும் பந்துக்குத்தான்.”

“ஒரு பந்துக்கா! நாங்களாவது தாலுகா கேட்டு அடி வாங்கினோம்!” பொன்னப்பன் வாய்விட்டுச் சிரித்தான். உடம்பு இளகியது. ‘டக்’கென்று மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

துண்டால் கையைக் கட்டிவிட்டு எழுந்தார். “மூணு வாரம் தெங்குப் பக்கம் போகப்படாது.”

“நோட்டுல ஆரு பேரு எழுதுவிய?” போலீசை நினைத்துச் சரோஜம் கேட்டாள்.

“மாமி பேரு என்ன?”

“செல்லபாய். செத்து ரெண்டு வருசம் ஆச்சு.”

“செல்லபாய். தெங்கில இருந்து விழுந்தா. இப்ப சுகம்” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் நோட்டில் எழுதினார்.

நாலாம் வாரம் பொன்னப்பன் மரம் ஏறினான். முதலில் வெட்டிய இளநீர்க் குலையை டாக்டர் வாசலில் வைத்த சரோஜம், “மாமி தந்துவிட்டா” என்றாள்.

உங்கள் வீட்டுத் தோள்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும் மக்களே. உங்கள் கதவைத் தட்டுகிற கை எப்போதும் நல்ல கையாகவே இருக்கட்டும்.