கம்பி கோத்த கொடி

பிரிசில்லா இயற்பியலில் பட்டம் வாங்கியவள். ஆறு வருஷமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாள்.

அன்று மதியம் கேன்டீனில் சூப்பர்வைசர் மகேந்திரன் போனில், நிலாவில் மனிதர்கள் கொடி நட்ட பழைய வீடியோவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"நிலாவுல காத்தே இல்லன்றான். அப்புறம் கொடி இன்னா இப்படி ஆடுது? எல்லாம் ஸ்டுடியோவுல எடுத்தது."

"அது காத்துல ஆடல சார்," என்றாள் எதிரில் இருந்த பிரிசில்லா. "மேல் ஓரத்துல குறுக்கே கம்பி கோத்திருக்காங்க. அதான் விரிஞ்சு நிக்குது. கம்பத்தைத் திருகித் திருகி நடும்போது துணி ஆடுது."

மகேந்திரன் சிரித்தார். "செருப்பு தைக்கிறவள்லாம் நிலாவைப் பத்திப் பேச வந்துட்டா."

கூட இரண்டு பேர் சிரித்தார்கள். கல்லூரி விடுதியிலும் சாதியைக் குத்தும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறாள். அப்போது தலையைக் குனிந்துகொண்டாள். இன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

தையல் பிரிவுக்குப் போய், கழிவுப் பெட்டியில் கசங்கிக் கிடந்த லைனிங் துணியை எடுத்தாள். ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே ஒரு கம்பியைச் செருகி, மாப்புக் குச்சியில் கட்டினாள். திரும்பி வந்து மகேந்திரனின் தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"முனியம்மாக்கா, ஃபேனை நிறுத்து."

சுவிட்சுப் பக்கம் உட்கார்ந்திருந்த, அவளோடு தைக்கும் முனியம்மா எழுந்து நிறுத்தினாள்.

"இப்போ காத்து வீசல. கொடி தொங்கிடுச்சா சார்? கசங்கின துணி, அதான் இந்தச் சுருக்கம். அதைப் பாத்துதான் பறக்குதுன்றீங்க." குச்சியைத் திருகினாள். துணி ஆடி, சீக்கிரமே அடங்கியது. "இங்க இருக்கிற காத்து தடுக்குது, அதான் நின்னுடுச்சு. அங்க தடுக்கக் காத்தில்ல, ஜாஸ்தி நேரம் ஆடும். நீங்க காட்டுற வீடியோதான் அங்க காத்து இல்லன்றதுக்கு சாட்சி."

மகேந்திரனின் முகம் சுருங்கியது.

"கம்பெனி துணியை எடுத்ததுக்கு மெமோ வரும்."

"வரட்டும். செருப்பு தைக்கிறவள்னு சொன்னீங்களே, நீங்க மட்டும் இங்க இன்னா, ராக்கெட்டா விடுறீங்க?" கோபத்தில் அவள் குரல் உயர்ந்தது.

மூன்று மணிக்கு மெமோ வந்தது. அதற்கான பதிலில், மகேந்திரன் கேன்டீனில் தன்னைச் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். முனியம்மா முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பதினொரு பேர் போட்டார்கள். சிரித்த இருவரில் ஒருத்தியும் வந்து, முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கினாள்.

மறுநாள் காலை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு மெமோவைக் கிழித்தார். "தப்பா சொல்லிட்டேன்மா," என்றார் மகேந்திரன் தரையைப் பார்த்தபடி.

பிரிசில்லா 'பரவாயில்ல' என்று சொல்லவில்லை. "இனிமே யாரையும் அப்படிச் சொல்லாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கோபம் தணியவில்லை. முதல் ஷூவில் தையல் கோணிப்போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.