மாமனார் வீட்டுக்குப் போகும் கார்

குற்றாலிங்கத்தின் வெள்ளைக் காரை யார் ஓட்டினாலும் அது ஓட்டுகிறவரின் மாமனார் வீட்டுக்குத்தான் போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அங்கேதான் போய் நிற்கும். ரிவர்ஸ் கியரில் மட்டும் சொன்னபடி கேட்கும். மற்றபடி நல்ல வண்டி.

குற்றாலிங்கத்துக்குத் தென்காசியில் கூட்டுறவு வங்கியில் வேலை. காலையில் சாப்பாட்டுப் பையோடு புறப்பட்டுப் புளியங்குடியில் மாமியார் வாசலில் போய் இறங்குவார். முதல் வாரம் ஆட்டுக்கறி போட்டார்கள். அடுத்த வாரம் ரசம். இப்போதெல்லாம் மாமனார் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். தினமும் தென்காசி வரை ரிவர்ஸில் போகலாம் என்றால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. இனி ஒரு நாள் தாமதமானாலும் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே சில பட்டறைகளில் காட்டியிருந்தார். ஓட்டிப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் கல்யாணமானவர்கள். அவரவர் மாமனார் வீட்டில் கை நனைத்துவிட்டு வந்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் நன்றாக இருந்த ரேடியேட்டரை மாற்றிக் கொடுத்தார்.

கடைசியில் கடையநல்லூர் இசக்கியப்பனின் பட்டறைக்கு ரிவர்ஸிலேயே வந்து சேர்ந்தார். இசக்கியப்பன் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன். பெண் பார்க்கப் போன இடங்களிலும், "எனக்கு இடது காது மந்தம், கோபம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவான். அதனால் நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று சாவியை வாங்கிக்கொண்டான்.

கார் அவனைச் சுரண்டையில் ஒரு பச்சை வீட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஆறுமுகநயினார் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நேத்தே வருவீங்கன்னு நினைச்சோம்."

"வண்டி டெஸ்ட் பாக்க வந்தேன்."

"அதனாலென்ன, உக்காருங்க."

அவருடைய மகள் பகவதி காப்பி கொண்டுவந்தாள். ரேஷன் கடையில் எடைபோடுகிறவள். இசக்கியப்பன் வழக்கம்போல இடது காதைப் பற்றிச் சொன்னான். அவள் எழுந்து நாற்காலியை அவனுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். இப்படி யாரும் இதுவரை செய்ததில்லை. அவனுக்குக் காப்பி ஆறிப்போனது தெரியவில்லை.

"வண்டி சரியாத்தான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அடியில பாத்தாத்தான் தெரியும்."

"பழுதுன்னா பழுதுன்னு சொல்லிருங்க. தராசு சரியில்லாம நான் யாருக்கும் எடை போடுறதில்லை. எனக்கும் யாரும் அப்படிப் போட வேண்டாம்."

ரிவர்ஸிலேயே பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி போட்டு அடியில் நுழைந்தான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் முனை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் வெளியே வரவில்லை. குறை இல்லை என்று இதுவரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், அவனும் சொல்லலாம். நாளைக்கும் ஓட்டிப் பார்க்கலாம். சரிசெய்துவிட்டால் அந்த வாசலில் எந்த உரிமையில் போய் நிற்பது?

குற்றாலிங்கம் குனிந்து பார்த்தார். "என்னடே, தூங்கிட்டியா? குறை உண்டா இல்லையா?"

"உண்டு அண்ணாச்சி."

மாற்றிவிட்டுப் பழைய சாமானை அவர் கையில் கொடுத்தான். இருவரும் தென்காசிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். தென்காசி வந்தது. குற்றாலிங்கம் வங்கி வாசலில் இறங்கி, அன்றைக்கு விடுமுறை என்று தெரிந்தும் பூட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கணும்" என்றான் இசக்கியப்பன்.

"எது வரைக்கும்?"

"சுரண்டை வரைக்கும்."

பாவூர்சத்திரத்தில் சுரண்டை ரோடு பிரிகிற இடத்தில் வண்டி நேரே போனது. அவன்தான் இடப்பக்கம் ஒடித்தான்.

பச்சை வீடு இருந்த இடத்தில் வெறும் மனைதான் இருந்தது. அதில் நாற்காலிகளைப் போட்டு ஆறுமுகநயினாரும் பகவதியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பழுதுதான்" என்றான் இசக்கியப்பன். "மாத்திட்டேன். இப்போ நானாத்தான் வந்தேன்."

பகவதி ஒரு நாற்காலியை இழுத்துத் தன் இடது பக்கம் போட்டாள். அவன் உட்கார்ந்தால் அவனுடைய வலது காது அவள் பக்கம் இருக்கும்.

"வெயிலா இருக்கேன்னு நினைக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் ஆறுமுகநயினார். "வீட்டோட தங்கச்சிக்கு ராஜபாளையத்துல கிரகப்பிரவேசம். வீடு அங்க போயிருக்கு, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

எதில் போயிருக்கிறது என்று குற்றாலிங்கம் விசாரித்தார். பஸ்ஸில்தான், உட்கார இடம் கிடைத்துவிட்டது என்றாள் பகவதி.